ஓனர் ஆள்

ஆதிமூலத்துக்குப் போனில் இருக்கும் அந்த ஆப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கரியாலூருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கியதும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை தன் மூஞ்சியைத் தானே படம் எடுத்து அனுப்புவது. அனுப்பினால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். முப்பது வருஷம் சிமெண்ட் தூசியில் கிடந்த மனுஷன் வந்திருக்கிறானா இல்லையா என்பதை ஒரு போன் தீர்மானிக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கும். அடித்துக்கொண்டால் படம் கலங்கிவிடும், திரும்ப எடுக்கச் சொல்லும்.

அவர் ஒரு காலத்தில் ஓனர் ஆள். திருக்கோவிலூரில் ரைஸ் மில் கட்டினாலும் சரி, கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபம் கட்டினாலும் சரி, காசு போடுகிறவனுக்குக் கட்டடம் தெரியாது. தெரியாததால் தனக்குப் பதிலாகச் சைட்டில் நிற்க ஓர் ஆளை வைப்பான். பெரும்பாலும் அது ஆதிமூலம்தான். செங்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார். பூசின சுவரில் விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே பொள்ளலா கெட்டியா என்று சொல்வார். கம்பி கட்டின குழிக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவர் தூரத்தில் வரும்போதே மேஸ்திரிகள் பீடியைப் போட்டு மிதித்துவிட்டு, கலவையில் இன்னும் ஒரு சட்டி சிமெண்டைக் கொட்டுவார்கள். அது ஒரு பயம். அந்தப் பயத்தில்தான் இந்தப் பக்கத்தில் பல கட்டடம் இன்னும் நிற்கிறது.

இப்போது கழுத்தில் ஒரு நீல நாடா. அதில் தொங்கும் அட்டையில் 'கிளையண்ட் ரெப்' என்று அச்சடித்திருக்கிறது.

சென்னையில் ஓர் அறக்கட்டளை மலைக்கிராமத்துப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி கட்டித் தருவதாகச் சொன்னது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெரிய மனுஷர்கள் தாங்களே மலையேறி வந்து பார்ப்பார்களா? ஒரு மேனேஜ்மெண்ட் கம்பெனியை வைத்தார்கள். கம்பெனி, அஜய் என்று இருபத்தாறு வயது இன்ஜினியர் ஒருவனை வைத்தது. அஜய் சென்னையில் ஏசி அறையை விட்டு நகராமல் ஆதிமூலத்தை வைத்தான். ஓனருக்குப் பதில் ஒருத்தன், அவனுக்குப் பதில் இன்னொருத்தன், அவனுக்கும் பதிலாகச் சேற்றில் நிற்க மட்டும் பழைய ஆள்.

சேற்றில் நின்று என்ன செய்ய வேண்டும்? படம் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு படம். எதை எந்தக் கோணத்தில் எடுப்பது என்று ஆப் சொல்லும். இடம் சரியாக இருந்து, வெளிச்சமும் போதுமானதாக இருந்தால் பச்சை டிக் விழும், இல்லாவிட்டால் சிவப்பு. ஆரம்பத்தில் ஆதிமூலம், "கலவையில தண்ணி ஜாஸ்தி" என்று அஜய்க்குப் போன் செய்து சொன்னார். "அதுக்கு ஆப்ல ஆப்ஷன் இல்லையே அங்கிள்" என்றான் அவன். இரண்டு தடவை சொன்னார், மூன்று தடவை சொன்னார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். நாற்பத்திரண்டு படத்தை எடுத்து முடிக்கவே மதியமாகிவிடும், இதில் குழிக்குள் இறங்க எங்கே நேரம்? 'உங்களுக்குப் படம்தானே வேணும், வாங்கிக்கோங்கடா' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எடுத்தார். எட்டு மாதம் எடுத்தார். திட்டுவதை மட்டும் ஒரு நாளும் குறைக்கவில்லை.

இந்தக் கூத்தில் இன்னொரு பிரதிநிதியும் உண்டு. கட்டடத்தில் இருக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்பது அறக்கட்டளையின் கொள்கை. அதனால் ஊர்ப் பெண்கள் குழுவிலிருந்து சின்னப்பொண்ணு என்பவளைத் தேர்ந்தெடுத்து, 'பயனாளிகள் பிரதிநிதி' என்று மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவள் மகள் சுபஸ்ரீ எட்டாவது முடித்திருக்கிறாள். ஒன்பதாவதுக்கான பள்ளிக்கூடம் தினம் நடந்து போய் வருகிற தூரத்தில் இல்லை. ஜூனில் விடுதி திறந்தால் படிப்பு, திறக்காவிட்டால் வீடு. வீட்டில் உட்கார்ந்த பெண்ணுக்கு அடுத்தது என்ன பேச்சு வரும் என்று சின்னப்பொண்ணுக்குத் தெரியும். விடுதியை அவளைவிட அவசரமாக எதிர்பார்த்தவர் யாரும் இல்லை.

அவளுடைய சொல் என்பது என்ன தெரியுமா? நாலு எண். ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்ததும் அவளுடைய பட்டன் போனுக்கு ஓடிபி வரும். சைட்டில் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் பாறைமேட்டில் ஏறினால்தான் வரும். அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்து பாறையில் ஏறி நின்று எண்ணைச் சொல்வாள், ஆதிமூலம் அதைப் போனில் அஜய்க்குச் சொல்வார். மக்கள் சம்மதம் கிடைத்துவிட்டதாக அங்கே கட்டம் பச்சையாகும். அஸ்திவாரத்துக்கு ஒரு தடவை வந்தாள், தளம் போட்டதற்கு ஒரு தடவை வந்தாள். இது கடைசி. விடுதிக்குப் பின்னால் மலைச்சரிவைத் தாங்க எழுப்பின கருங்கல் சுவருக்கான ஓடிபி. இது முடிந்தால் வியாழக்கிழமை ரிப்பன் வெட்டு.

மே மாசக் கடைசி. காலை பதினோரு மணி. பாறைமேட்டில் மூன்று பேர்: ஆதிமூலம், சின்னப்பொண்ணு, ஸ்பீக்கரில் அஜய்.

"அங்கிள், ஓடிபி அனுப்பிட்டேன். அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

சின்னப்பொண்ணு போனை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நான் சொல்ல மாட்டேன்."

"இன்னாம்மா வெளையாடறியா? நாலு நம்பரு. சொல்லிட்டுப் போய் உன் வேலையப் பாரு" என்றார் ஆதிமூலம். இந்தம்மாவுக்கும் ஒரு பதவியைக் கொடுத்தார்கள் பார், என்று அவருக்கு எரிச்சல்.

"மழ பேஞ்சி மூணு நாளாவுது சார். எங்க கொல்லையில கல்லு அடுக்குன வரப்புலாம் இன்னும் கசிஞ்சிக்கினு கீது. இந்தச் சுவுத்துல ஒரு சொட்டு வரல. உள்ள போன தண்ணி எங்க போச்சி?"

"அதுக்குத்தான் இருபத்தெட்டு குழா வச்சிருக்கோம். தண்ணி ஜாஸ்தியானா அது வழியா வெளிய வந்துடும். ஒவ்வொரு குழாயையும் நானே படம் எடுத்திருக்கேன்."

"படத்துல தண்ணி வருதா?"

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. ரைஸ் மில் முதலாளிகளே வாயைத் திறக்காத இடத்தில் இந்த அம்மா கேள்வி கேட்கிறாள். "வா, வந்து பாரு. பாத்துட்டு வாய மூடிக்கினு நம்பரச் சொல்லு" என்று பாறையிலிருந்து இறங்கி விடுவிடுவென்று நடந்தார்.

சுவர் பத்தடி உயரம். அதற்கும் பிள்ளைகள் படுக்கும் கூடத்தின் ஜன்னலுக்கும் நடுவில் நாலடிச் சந்துதான். சுவர் முழுக்க வரிசையாக வெள்ளைக் குழாய் வாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம். அந்த வட்டம் ஆதிமூலத்தின் யோசனை. குழாய் வாய் தெளிவாகத் தெரியவில்லை என்று ஆப் சிவப்புக் காட்டினதால் கொத்தனாரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். அடித்ததும் இருபத்தெட்டும் பச்சை.

சின்னப்பொண்ணு கீழே கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி ஒரு குழாய்க்குள் விட்டாள். விரல் நீளம்கூடப் போகவில்லை. அடுத்ததில் விட்டாள், அதிலும் அவ்வளவுதான். "முந்தாநாளே எல்லாத்துலயும் வுட்டுப் பாத்துட்டேன் சார்" என்றாள்.

ஆதிமூலம் குச்சியைப் பிடுங்கித் தானே குத்திப் பார்த்தார். பிறகு குழாயின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்துவிட்டது. நாலு அங்குலத் துண்டு. பின்னால் கருங்கல், கலவை, அவ்வளவுதான். இரண்டரையடிச் சுவரைத் துளைத்துப் போய் அந்தப் பக்கத்து ஜல்லியைத் தொட வேண்டிய குழாய், பூச்சில் ஒட்டவைத்த பொம்மை வாயாக இருந்தது.

சுவரைச் சுற்றி மேட்டில் ஏறி, சுவருக்குப் பின்புறம் நிரப்பியிருந்த மண்ணைக் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டினார். ஜல்லி எங்கே? அஸ்திவாரத்துக்குத் தோண்டின அதே செம்மண்ணும், காலி சிமெண்ட் சாக்கும் கிடந்தன. மண் ஊறிக் களியாக இருந்தது. ஒரு கோடை மழைக்கே இப்படி. ஐப்பசி மழையில் இந்த மண் முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிட்டு, போக வழி இல்லாமல் சுவரைத் தள்ளும். தள்ளினால் சுவர் போய் விழுகிற இடம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள்.

காண்ட்ராக்டர் கந்தசாமி வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆதிமூலம் குழாய்த் துண்டை அவன் முன்னால் போட்டார்.

"இன்னாடா இது?"

கந்தசாமி டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அண்ணே, லாரி மேல ஏறாது. ஜல்லிய ட்ராக்டர்ல நட நடயா ஏத்தினா எனக்கு இன்னா மிஞ்சும்? ஆப்புல இன்னா கேட்டுச்சோ அத்தக் கட்டினேன். கொழா வாய் கேட்டுச்சி, வாய் குட்த்தேன். நீங்களும்தான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னீங்க."

"என் கண்ணு முன்னாடியே ஏமாத்தியிருக்கியேடா."

"உங்க கண்ணு எங்க அண்ணே இருந்துது? போன்லதான இருந்துது. பழைய ஆதிமூலமா இருந்தா நான் செஞ்சிருப்பனா? பயந்து செத்திருப்பேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. வெட்கமாக இருந்தது. ஒரு பூச்சுக் கொத்தனாரை அரைக்கால் அங்குலத்துக்காக ஊர் பார்க்கக் கிழித்தவர், பத்தடிச் சுவரைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு மத்தியான பஸ் பிடித்திருக்கிறார். அஜயைத் திட்டினார், ஆப்பைத் திட்டினார், கம்பெனியைத் திட்டினார். அந்த எட்டு மாதமும் குனிந்து ஒரு குச்சியை எடுக்க அவர் கை நீளவில்லை.

திரும்பப் பாறைமேடு. சின்னப்பொண்ணும் கூடவே வந்தாள். அஜயிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அங்கிள், இங்க இருபத்தெட்டும் பச்சையா இருக்கே."

"பச்சையாத்தான் இருக்கும். குழாயே இல்லப்பா. வெறும் வாய். சுவர் நிக்காது."

"சரி அங்கிள், அதெல்லாம் அப்புறம் டிஃபெக்ட் லிஸ்ட்ல போட்டுப் பாத்துக்கலாம். வியாழக்கிழமை ரிப்பன் வெட்ட டிரஸ்ட்டி அம்மா ஃபாரின்லேர்ந்து வராங்க. இப்போதைக்கு ஓடிபி மட்டும் வாங்கிக் குடுங்க."

"அந்தம்மா தர மாட்டேங்குது."

"அவ்ளோதானா? ஒரு நிமிஷம் லைன்ல இருங்க." கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அவங்க நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போட்டுட்டேன் அங்கிள். இப்ப நீங்கதான் பயனாளிகள் பிரதிநிதி. ஓடிபி உங்களுக்கே வரும். சொல்லுங்க."

மக்களின் குரல் என்று மாலை போட்டு உட்காரவைத்த ஒருத்தியைத் தூக்கிவிட்டு இன்னொருத்தரை வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கல்வராயன் மலையில் விடுதியில் தங்கப் போகிற பெண் பிள்ளைகளின் சார்பாக, கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆதிமூலம் இனிமேல் பேசலாம். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

போன் குலுங்கியது. ஏழு, மூன்று, மூன்று, ஒன்பது. பத்து நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது. வியாழக்கிழமை ரிப்பன், சாப்பாடு, கும்பலாக ஒரு போட்டோ. அடுத்த சைட்டுக்கும் இதே கம்பெனி கூப்பிடும். ஐப்பசியில் ஏதாவது ஆனால் விசாரணை வரும், வந்தால் இருபத்தெட்டு பச்சை டிக் சாட்சி சொல்லும். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை.

சின்னப்பொண்ணு கெஞ்சவில்லை. பாறையில் குந்தி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க சார். எம் பொண்ண நான் அனுப்பப் போறதில்ல. ஆனா மத்தவங்க அனுப்புவாங்க. அவங்களுக்கு யாரு வந்து குச்சி வுட்டுக் காட்டறது?"

ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஜய், எழுதிக்கோ. நாலு, ஆறு, ஒண்ணு, ரெண்டு."

"தப்புன்னு வருது அங்கிள்."

"வயசாயிடுச்சுப்பா, கண்ணு தெரியல. எட்டு, எட்டு, பூஜ்யம், அஞ்சு."

"இதுவும் தப்பு. அங்கிள், இன்னும் ஒரு தடவதான். பாத்து நிதானமா சொல்லுங்க."

ஆதிமூலம் மிக நிதானமாக, ஒவ்வொன்றாக, தப்பாகச் சொன்னார். அந்தப் பக்கம் அஜய் "அய்யய்யோ" என்றான். மூன்று தடவை தப்பானால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். அந்த ஆப்பிலேயே உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைட்டுக்கு இறங்கினார். கழுத்து நாடாவைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, சுவரின் நடுப்பகுதியில் மேல் வரிசையை நெம்பினார். ஐம்பத்தெட்டு வயசு, இடுப்பு இற்றுப்போகும்போல் வலித்தது. மூன்று கருங்கல்லைப் பெயர்த்து, அந்தச் சந்தில் உருட்டிவிட்டு, கீழே வந்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

இந்தப் பக்கத்துச் சைட்டுகளில் அதற்கு அர்த்தம் உண்டு. ஓனர் ஆள் கட்டினதிலிருந்து மூன்று கல்லை இறக்கி வைத்தால் வேலை நின்றது. ஓனர் நேரில் வந்து பார்க்கிற வரைக்கும் எந்த மேஸ்திரியும் அந்தக் கல்லைத் தொட மாட்டான். தொட்டவனுக்கு அப்புறம் வேறு எங்கும் வேலை கிடைக்காது. கந்தசாமி டீ டம்ளரோடு வந்து பார்த்தான். கல்லைப் பார்த்தான், ஆதிமூலத்தைப் பார்த்தான். அப்புறம் ஆட்களைக் கூப்பிட்டு, சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னான்.

ஆதிமூலம் இருபத்தெட்டுக் குழாய்த் துண்டுகளையும் பிடுங்கித் தரையில் அடுக்கினார். அதைப் படம் எடுத்தார், பெயர்ந்த சுவரை எடுத்தார், தோண்டின குழியில் இருந்த சாக்கை எடுத்தார். பாறைமேட்டுக்குப் போய், 'தாங்கு சுவர், வேலை நிறைவு' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அனுப்பினார்.

எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது.

இடம் சரி, வெளிச்சமும் சரி. வேறென்ன வேண்டும்? கொஞ்ச நேரத்தில் அஜயே கூப்பிட்டான். "சூப்பர் அங்கிள், படம்லாம் பச்சையாயிடுச்சு. நாளைக்கு லாக் ரிலீஸ் ஆனதும் ஓடிபி போட்டுடலாம்."

"ஒரு படத்தையாவது தொறந்து பாத்தியாப்பா?"

"அதெல்லாம் யாரும் ஓப்பன் பண்ண மாட்டாங்க அங்கிள், டேஷ்போர்டுல கலர்தான் பாப்பாங்க."

"இப்பத் தொற."

திறந்திருப்பான் போலிருக்கிறது. மௌஸைத் தட்டுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. பிறகு, "அங்கிள், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா?" என்று குரல் நடுங்கக் கேட்டான்.

"தெரியும். டிரஸ்ட்டி அம்மாவ வியாழக்கிழமை இங்கயே கூட்டிக்கினு வா. ரிப்பன் வேணாம். நான் அவங்க கையில ஒரு குச்சியக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வேலை போனால் போகட்டும், ஆதிமூலம் ஆதிமூலம்தான் என்று தோன்றியது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சின்னப்பொண்ணு களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவரும் முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டார்.

"இனிமே எப்ப சார் தொறப்பாங்க?"

"மண்ண எல்லாம் எடுக்கணும். சுவரப் பிரிச்சி, குழா வச்சி, ஜல்லி கொட்டி, திரும்பக் கட்டணும். நடுவுல மழ வந்துடும். இந்த வருசம் ஆவாதும்மா."

"அப்ப எம் பொண்ணு ஒரு வருசம் வூட்ல."

"உசுரு தப்பிச்சிதேம்மா. அத்த நெனச்சுக்கோ."

"அது நான் குச்சி வுட்டுப் பாத்ததால தப்பிச்சிது." அவள் குரல் ஏறவில்லை. "ஒரு வருசம் வூட்ல ஒக்காந்த பொண்ண அவங்கப்பா திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாரா? நான் எவ்ளோ நாளு சண்ட போட முடியும்? அந்தக் கொழாய வைக்கறப்பவே, ஒருத்தரு கிட்ட நின்னு ஒரு தாட்டி குத்திப் பாத்திருந்தா, அன்னிக்கே பிரிச்சிக் கட்டியிருப்பாங்க. ஒரு நாள் வேல. அன்னிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

கீழே வளைவில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"அங்கதாம்மா இருந்தேன்" என்றார் ஆதிமூலம். "படம் எடுத்துக்கினு இருந்தேன்."